எதிலும் ஒட்டாத ஒரு வெள்ளைத் தூள்

குழாய் ரிப்பேருக்கு வரும் பிளம்பரின் பையில், ரெஞ்சுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வெள்ளைச் சுருள் கிடக்கும். டெஃப்ளான் டேப். பெயர்தான் டேப், அதில் பசை கிடையாது, அது எதிலும் ஒட்டுவதும் இல்லை. குழாயின் மரையில் நாலைந்து சுற்றுச் சுற்றித் திருகி இறுக்கினால் சொட்டுத் தண்ணீர் கசியாது. ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இந்த டேப்பும், நான்-ஸ்டிக் தோசைத் தவாவின் கறுப்புப் பூச்சும், தீக்குள் இறங்கும் வீரரின் அங்கிக்குள் இருக்கும் சவ்வும், நீலம் பாரித்துப் பிறந்த குழந்தையின் மார்புக்குள் அறுவை மருத்துவர் தைத்துவைக்கும் குட்டிக் குழாயும் அடிப்படையில் ஒரே பொருள்தான். வேதியியல் பெயர் பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் பி.டி.எஃப்.இ. என்று சுருக்கிக்கொள்வார்கள். டெஃப்ளான் என்பது டூபாண்ட் கம்பெனி சூட்டிய வணிகப் பெயர்.

அது பிறந்த கதை சின்னதுதான். 1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்த டூபாண்டின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், 27 வயது வேதியியலாளர் ராய் பிளங்கெட்டும் அவருடைய உதவியாளர் ஜாக் ரெபோக்கும் ஒரு சிறிய வாயு உருளையைத் திறந்தார்கள். குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் புது வாயு தேடுவது அவர்கள் வேலை. உருளையிலிருந்து வாயு வரவில்லை. எடை போட்டுப் பார்த்தால் உள்ளே அடைத்தது அப்படியே இருக்கிறது. ரம்பம் வைத்து அறுத்துப் பார்த்தபோது மெழுகு போன்ற வெள்ளைத் தூள் கொட்டியது. வாயுவின் மூலக்கூறுகள் தாமாகவே கைகோத்து நீண்ட சங்கிலிகளாக மாறியிருந்தன. அமிலம், காரம், கரைப்பான் என்று எதை ஊற்றினாலும் தூள் அசையவில்லை. 1941-இல் காப்புரிமை கிடைத்தது.

பாடப்புத்தகம் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் அந்தக் காலைப் பொழுதில் கையில் கிடைத்தது யாருக்கும் உதவாத ஒரு தூள்தான். அதை மனிதனுக்கு வேலை செய்யவைக்கப் பொறியாளர்களும் மருத்துவர்களும் அதற்குப் பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள்.

காரணம் அதன் வேதியியலிலேயே இருக்கிறது. கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்க, அவற்றைச் சுற்றி ஃப்ளூரின் அணுக்கள் கவசம் போட்டு மூடியிருக்கின்றன. கரிம வேதியியலில் மிக வலுவான ஒற்றைப் பிணைப்புகளில் ஒன்று இந்த இரண்டுக்கும் இடையிலானது. அதை அறுத்துக்கொண்டு உள்ளே நுழைய வேறு எந்த வேதிப்பொருளாலும் எளிதில் முடியாது. அதனால்தான் எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது. கண்ணாடிச் சுவரில் சரசரவென்று ஏறும் பல்லிக்குக்கூட ஈரமில்லாத டெஃப்ளான் பரப்பில் கால் பிடிபடாது. ஆனால் இதே பிடிவாதம் தொழிற்சாலைக்குத் தலைவலி. 327 டிகிரி செல்சியஸில் உருகும் என்று பெயர், உருகினாலும் ஓடாது. மற்ற பிளாஸ்டிக்குகளைப் போல உருக்கி அச்சில் ஊற்ற வழியில்லை. தூளை அழுத்திக் கட்டியாக்கி, சூளையில் சுட்டு எடுக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் முதல் வேலை கிடைத்தது. அணுகுண்டுத் திட்டத்துக்காக யுரேனியத்தைப் பிரித்தெடுத்தவர்கள் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயுவோடு படாதபாடு பட்டார்கள். குழாய்களின் இணைப்புகளையும் அடைப்பான்களையும் அது அரித்துத் தின்றது. அதற்கு ஈடுகொடுத்த பொருள் பிளங்கெட்டின் தூள். விலை எவ்வளவு என்று கேட்கிற நிலையில் அன்று யாரும் இல்லை.

அடுப்படிக்கு அது வந்தது பிரான்ஸ் வழியாக. மார்க் கிரெகுவார் என்ற பொறியாளர் 1950-களின் தொடக்கத்தில் இந்தப் பொருளை அலுமினியத்தின் மேல் நிறுத்திவைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். தூண்டில் சாமான்களில் பூசிப் பார்க்கத்தான் அவர் முதலில் நினைத்தார் என்றும், ‘அதை என் வாணலியில் பூசக் கூடாதா’ என்று அவருடைய மனைவி கொலெட் கேட்டார் என்றும் கதை உண்டு. கேள்வி யாருடையதாக இருந்தாலும் விடை அழகானது. எதனோடும் ஒட்டாத பொருளை எப்படி ஒட்டுவது? ஒட்டவே வேண்டாம், மாட்டிவைத்தால் போதும். அலுமினியத்தை அமிலத்தில் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கினார்கள். அதன்மேல் பி.டி.எஃப்.இ.-யைப் பரப்பிச் சூடேற்றியதும் அது குழிகளுக்குள் இறங்கிக் கொக்கி போட்டுக்கொண்டது. 1956-இல் டெஃபால் கம்பெனி தொடங்கியது. ஆரம்ப காலப் பூச்சுகள் கரண்டி பட்டாலே உரிந்தன. அடிப்பூச்சு, நடுப்பூச்சு, மேல்பூச்சு என்று அடுக்கடுக்காகப் பூசும் முறை பின்னால் வந்தது.

தவாவைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் பயத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். உரிந்த கறுப்புத் துணுக்கு வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும் என்பதுதான் இதுவரையிலான புரிதல். உண்மையான ஆபத்து வெப்பத்தில் இருக்கிறது. சுமார் 350 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைந்து புகைவிடத் தொடங்கும். மனிதருக்கு அது காய்ச்சல், உடல்வலி என்று ஃப்ளூ போல வந்து போகும். வீட்டில் கூண்டுப் பறவை இருந்தால் செத்தே போகும். தோசை வார்க்கிற சூடு அந்த அளவுக்குப் போகாது. காலித் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு, மாவு கரைக்கவோ போன் பேசவோ போய்விட்டால் சில நிமிடங்களில் அங்கே எட்டிவிடலாம். பழைய இரும்புத் தோசைக்கல்லுக்கு இந்தக் கவலை கிடையாது என்பதைப் பாட்டிகள் சார்பில் சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்த கட்டம் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கியது. டூபாண்டில் வேலை பார்த்த பில் கோர், இந்தப் பொருளைக் கம்பெனி சரியாகப் பயன்படுத்தவில்லை என்ற ஆதங்கத்தில் வேலையை விட்டு, 1958 ஜனவரி 1 அன்று மனைவி ஜெனிவீவுடன் சேர்ந்து டெலவேர் மாநிலத்தின் நியூவார்க் ஊரில் தம் வீட்டிலேயே தொழில் தொடங்கினார். முதலில் செய்தது மின்கம்பிகளுக்கு உறை. அந்த உறைக்கான யோசனையைச் சொன்னவர் கல்லூரியில் வேதியியல் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மகன் பாப். அவர்தான் 1969 அக்டோபரில் கதையையே திருப்பிப்போட்டவர்.

பாப் கோர் அன்று செய்ய முயன்றது பெரிய விஞ்ஞானம் இல்லை. பிளம்பர் டேப்பை மலிவாக்க வேண்டும்; அதற்கு, குறைந்த பொருளை நீட்டி அதிக நீளம் எடுக்க வேண்டும். பி.டி.எஃப்.இ. கம்பிகளைச் சூளையில் சுடவைத்து மெதுவாக, மிக மெதுவாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் பட்பட்டென்று அறுந்தன. வெவ்வேறு வெப்பம், வெவ்வேறு வேகம், பலன் ஒன்றுதான். கடைசியில் எரிச்சல் தாங்காமல் ஒரு கம்பியை எடுத்து வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடவில்லை. கை நீளத்துக்கு நீண்டது. தடிமனும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அப்படியானால் உள்ளே வந்து நிரம்பியது எது? காற்று. நீண்ட பொருளில் ஏறக்குறைய 70 சதவீதம் காற்றுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகளும், அவற்றை இணைக்கும் நுண்ணிழைகளும், நடுவில் கோடிக்கணக்கான துளைகளும் தெரிந்தன. மெதுவாக இழுத்தால் அறும், வேகமாக இழுத்தால் நீளும் என்பதை அதுவரை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

இங்கே நியூசிலாந்தின் ஜான் கிராப்பரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அவர் 1966-லேயே இதே பொருளை நீட்டி மரை டேப் செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கிவிட்டார். ஆனால் அதைத் தொழில் ரகசியமாக வைத்திருந்தார். பின்னால் கோரின் காப்புரிமையை எதிர்த்த போட்டிக் கம்பெனி ஒன்று இதைக் காட்டி வழக்காடியது. 1983-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ரகசியமாக வைத்திருந்தவரைவிட உலகுக்கு வெளிப்படுத்தியவருக்கே காப்புரிமை என்ற ரீதியில் தீர்ப்பளித்தது. காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். டேப்போடு நின்ற கிராப்பரை உலகம் மறந்தது. கோர் குடும்பம் டேப்பைத் தாண்டிப் போனது.

அப்படித் தாண்டிப் போனதில் முதலில் பேர் வாங்கியது உடை. நீட்டிய பொருளுக்குக் கம்பெனி சூட்டிய பெயர் கோர்-டெக்ஸ். அந்தச் சவ்வில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 900 கோடி துளைகள் என்று கம்பெனி சொல்லும். ஒவ்வொரு துளையும் மழைத்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. நீராவியின் மூலக்கூறைவிடச் சில நூறு மடங்கு பெரியது. கொசுவலை காற்றை உள்ளே விட்டுக் கொசுவைத் தடுப்பது போல, இது வியர்வை ஆவியை வெளியே விட்டு மழையைத் தடுக்கிறது. 1970-களின் நடுவில் முதல் மழைக்கோட்டுகள் கடைக்கு வந்தன. கொஞ்ச நாளிலேயே ஒழுகுகிறது என்று புகார்களும் வந்தன. போட்டவரின் தோல் எண்ணெய்யும் வியர்வையும் சவ்வில் படிந்து துளைகளின் குணத்தையே கெடுத்திருந்தன. சவ்வின் உட்புறத்தில் எண்ணெய் புகாத மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒன்றைச் சேர்த்த பிறகுதான் கோட்டு கோட்டாக நின்றது.

மலையேறுபவருக்கு நனையாமல் இருப்பது சௌகரியம். தீயணைப்பு வீரருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவருடைய அங்கியில் மூன்று அடுக்குகள். வெளியே தீப்பிடிக்காத அராமிட் துணி. உள்ளே வெப்பத்தைத் தடுக்கும் மெத்தென்ற அடுக்கு. நடுவில் ஈரம் தடுக்கும் சவ்வு. இந்த நடு அடுக்கு எதற்கு என்று தோன்றலாம். குழாய்த் தண்ணீர் உள்ளே ஊறினால் அது கொதித்து நீராவியாகி உடம்பை வேகவைத்துவிடும். அதற்காக ரப்பர் போல முழுக்க அடைத்துவிட்டால் வியர்வை வெளியேறாமல் உடல் சூடு ஏறி, தீக்காயமே இல்லாமல் ஆள் சுருண்டு விழுவார். தண்ணீரைத் தடுக்க வேண்டும், ஆவியை விட வேண்டும், தீயின் வெக்கையில் உருகாமலும் இருக்க வேண்டும். இத்தனையையும் ஒருங்கே தாங்கியதால் நீட்டப்பட்ட பி.டி.எஃப்.இ. அந்த இடத்தில் பல ஆண்டுகள் அசைக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டது.

மருத்துவத்துக்கு அது போனது பனிச்சறுக்கு மலை வழியாக. 1970-களின் தொடக்கத்தில் பில் கோர், பனிச்சறுக்குக்குப் போன இடத்தில், தம் நண்பரான கொலராடோ அறுவை மருத்துவர் பென் ஐஸ்மனிடம் இந்தப் பொருளில் செய்த சிறு குழாய் ஒன்றைக் காட்டியிருக்கிறார். எதற்கு உதவும் என்று காட்டியவருக்கே தெரியாது. ஐஸ்மன் அதை ஒரு பன்றியின் ரத்தக்குழாய்க்குப் பதிலாகப் பொருத்திப் பார்த்தார். ரத்தம் ஓடியது. 1972-இல் அவருடைய குழு ஆய்வை வெளியிட்டது.

செயற்கை ரத்தக்குழாய் அதற்கு முன்பும் இருந்தது. ஹூஸ்டனின் மைக்கேல் டிபேக்கி 1950-களில் டேக்ரான் துணியை வாங்கி வீட்டுத் தையல் மெஷினில் குழாயாகத் தைத்துப் பார்த்த கதை மருத்துவ உலகில் பிரசித்தம். வயிற்றின் பெருந்தமனிக்கு அது பொருந்தியது. சிறிய குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்தது. புதுப் பொருளின் வழவழப்பான சுவரில் ரத்தம் அவ்வளவு சுலபமாகத் தங்கவில்லை. அதோடு, நுண்ணிய துளைகளுக்குள் உடலின் திசுக்கள் வேர்விட்டுப் பிடித்துக்கொண்டன. ஒட்டாத பொருளை உடம்பு தானே தைத்துக்கொண்டது எனலாம். ஆனால் மனிதர்களுக்குப் பொருத்திய முதல் குழாய்கள் சில, ரத்த அழுத்தம் தாங்காமல் நாளடைவில் பலூன் போல வீங்கின. வெளியே மெல்லிய படலம் ஒன்றைச் சுற்றி வலுவூட்டிய பிறகே நிபுணர்களுக்கு நம்பிக்கை வந்தது. இந்தக் குழாயை முதலில் உருவாக்கியவர் யார் என்ற தகராறு தனிக்கதை. அரிசோனா அறுவை மருத்துவர் டேவிட் கோல்ட்ஃபார்ப் 1974-இல் போட்ட விண்ணப்பத்துக்குக் காப்புரிமை கிடைத்தது 2002-இல்!

இன்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளில், ஃபிஸ்டுலா (தமனி-சிரை இணைப்பு) போடத் தோதான சிரை கையில் இல்லாதவர்களுக்கு இந்தக் குழாயைத் தோலுக்கடியில் பதித்து, அதில் ஊசி குத்துகிறார்கள். இதய வால்வைப் பிடித்திருக்கும் நாண்கள் அறுந்தால், இதே பொருளில் செய்த நூலால் புது நாண் கட்டுகிறார்கள்.

எல்லாவற்றிலும் மனதைத் தொடுவது நீலக் குழந்தைகளுக்கான அறுவை. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி குறுகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் போதாமல் உதடும் நகமும் நீலமாகிவிடும். 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளாலாக், ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதயநோய் நிபுணரின் யோசனைப்படி, கைக்குப் போகும் தமனியை வெட்டி நுரையீரல் தமனியோடு இணைத்தார். நாய்களிடம் செய்து பார்த்து அந்த அறுவையின் நுணுக்கத்தை வகுத்தவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத அந்தக் கறுப்பின உதவியாளர், பிளாலாக்கின் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். அந்த முறையில் குழந்தையின் கைக்குப் போகும் முக்கியத் தமனி ஒன்று பலியாகும். 1981-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் மார்க் டி லெவலும் குழுவினரும் அதற்கு மாற்று சொன்னார்கள். தமனியை வெட்டாமல், இரண்டுக்கும் நடுவே கோர்-டெக்ஸ் குழாயைப் பாலமாகத் தைத்துவிடலாம். பச்சிளம் குழந்தைக்கு அந்தக் குழாயின் உள்விட்டம் மூன்றரை அல்லது நான்கு மி.மீ. முழு அறுவைக்கு உடம்பு தேறும்வரை காலம் வாங்கித் தரும் பாலம் அது. இந்தியாவின் குழந்தை இதய அறுவை மையங்களிலும் இன்று செய்யப்படுவது இந்த மாற்று முறைதான்.

குறை இல்லாமல் இல்லை. முழங்காலுக்குக் கீழே ஓடும் மெல்லிய தமனிகளில் இந்தக் குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. அங்கே நோயாளியின் சொந்தச் சிரைக்கு இணை இன்னும் வரவில்லை.

இனி வேண்டாத பக்கம். பி.டி.எஃப்.இ.-யைத் தண்ணீரில் கலந்து நுண்துகளாகத் தயாரிக்கும்போது அது கட்டி தட்டாமல் இருக்க, சோப்பு மாதிரி வேலை செய்யும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். பெயர் பி.எஃப்.ஓ.ஏ.; தொழிற்சாலையில் சி8 என்பார்கள். டூபாண்டின் மேற்கு வர்ஜீனியா ஆலை 1951 முதல் அதைப் பயன்படுத்தியது. அது ஆற்றிலும், குடிநீரிலும், பக்கத்துப் பண்ணையின் மாடுகளிலும் சேர்ந்தது. மாடுகள் சாவதைக் கண்ட பண்ணைக்காரர் ஒருவருக்காக வழக்கறிஞர் ராப் பிலாட் 1999-இல் வழக்குப் போட்டார். அதன் தொடர்ச்சியாகச் சுமார் 69,000 பேரின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்று, விதைப்பைப் புற்று, தைராய்டு கோளாறு உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று அறிவியலாளர் குழு 2012-க்குள் முடிவு சொன்னது. 2017-இல் டூபாண்டும் அதிலிருந்து பிரிந்த கெமூர்ஸும் சுமார் 67 கோடி டாலர் கொடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை முடித்துக்கொண்டன. 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பி.எஃப்.ஓ.ஏ.-வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

இங்கே இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழந்தையின் மார்புக்குள் இருக்கும் குழாய் சும்மா இருக்கிறது. கெட்ட பெயர் வாங்கியது அதைத் தயாரிக்க உதவிய சோப்பு. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு எதற்கும் அசையாது என்பதுதான் குழாயின் பலம். அதே காரணத்தால் சோப்பு மண்ணிலும் ரத்தத்திலும் சிதையாமல் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. அந்த நல்ல குணத்தை மட்டும் பிரித்து வாங்கிக்கொள்ள இதுவரை யாராலும் முடியவில்லை. பி.எஃப்.ஓ.ஏ.-வுக்கு மாற்றாகக் கொண்டுவந்த ஜென்எக்ஸ் என்ற பொருளும் வட கரோலைனாவின் கேப் ஃபியர் ஆற்றில் கிடந்தது 2017-இல் தெரியவந்தபோது, பழைய கதையே புதுப் பெயரில் ஓடுவதாக அங்குள்ள மக்கள் கொதித்தார்கள்.

அடுத்து மாட்டிக்கொண்டது தீயணைப்பு அங்கி. நாட்டர்டேம் பல்கலைக்கழக இயற்பியலாளர் கிரகாம் பீஸ்லி, வீரர்கள் போட்டுக் கழித்த அங்கிகளைச் சோதித்து, அவற்றின் துணியில் ஃப்ளூரின் சேர்மங்கள் ஏராளமாக இருப்பதையும், அவை தேயத் தேய உதிர்வதையும் 2020-இல் வெளியிட்டார். தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய்க்குக் காரணமாகும் தொழில் என்று 2022-இல் அதே புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. தீயின் புகை, கட்டடத் தூசு என்று அதற்குப் பல காரணங்கள்; அங்கியின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்வது கடினம். இருந்தாலும், காப்பாற்றப் போட்டுக்கொண்ட துணியையே சந்தேகிக்க வேண்டிய நிலையை வீரர்களால் ஜீரணிக்க முடியவில்லை. அவர்களுடைய சங்கமே களத்தில் இறங்கியது.

கம்பெனிகளும் நகரத் தொடங்கிவிட்டன. இத்தகைய ஃப்ளூரின் சேர்மங்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக 3எம் கம்பெனி 2022 டிசம்பரில் அறிவித்தது. கோர் கம்பெனி தன் மழைக்கோட்டுகளில் சிலவற்றை ஃப்ளூரின் இல்லாத நீட்டப்பட்ட பாலிஎத்திலீன் சவ்வுக்கு மாற்றியிருக்கிறது. பாப் கோரின் வெடுக் இழுப்பு வேறொரு பிளாஸ்டிக்கில் தொடர்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் ஃப்ளூரின் பூச்சுள்ள சமையல் பாத்திரங்களை விற்கத் தடை போட்டிருக்கிறது. அதே சட்டம் மருத்துவச் சாதனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. தவா இல்லாவிட்டால் இரும்புக் கல்லில் சுட்டுக்கொள்ளலாம், நான்கு மி.மீ. குழாய்க்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

தீயணைப்பு அங்கி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேண்டுமென்றே இந்தச் சேர்மங்களைச் சேர்த்த அங்கிகளை 2027 முதல் விற்கக் கூடாது என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றியது. ஃப்ளூரின் இல்லாத ஈரத்தடுப்புச் சவ்வுகள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வெக்கையையும் வெயிலையும் ஆண்டுக்கணக்கில் தாங்கி, வியர்வையையும் அதே அளவுக்கு வெளியே விடுமா என்று நெசவு ஆய்வுக்கூடங்களில் அவற்றைச் சுட்டும், நனைத்தும், கசக்கியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.